கிருமித் தொற்றிலிருந்து மீண்ட குறைமாதக் குழந்தைகள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

குறைப்பிரசவம் குறித்துச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. பிறந்த சில நாட்களிலேயே ரத்தத்தில் கிருமி கலந்து, இன்குபேட்டரில் இருந்து போராடிப் பிழைத்து வந்த குழந்தை இனி எப்படி வளரும் என்பதே அது. கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

என் மகன் 29ஆவது வாரத்தில் 1,150 கிராம் எடையுடன் பிறந்தான். பன்னிரண்டாம் நாள் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி இரண்டு வாரம் ஊசி மருந்து கொடுத்தார்கள். இப்போது ஏழு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் அதே மாதம் பிறந்த குழந்தை உட்கார்ந்துவிட்டது. இவன் இன்னும் உட்காரவில்லை. அந்தக் கிருமி மூளையைப் பாதித்துவிட்டதா? (ஒரு தாய், திண்டுக்கல்)

முதலில் மகனின் வயதைச் சரியாகக் கணக்கிடுவோம். அவன் 40 வாரம் நிறைவதற்குப் பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறான். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த இரண்டரை மாதத்தைக் கழித்துவிட வேண்டும். அப்படிக் கழித்தால் இன்று அவனுக்கு நான்கரை மாதம்தான் ஆகிறது. இதைத் திருத்திய வயது என்கிறோம். இரண்டு வயது முடியும் வரை வளர்ச்சிப் படிகள் எல்லாவற்றையும் இந்த வயதை வைத்தே அளக்க வேண்டும். நான்கரை மாதக் குழந்தை உட்காராததில் வியப்பில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதற்காக, கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவிடவும் மாட்டேன். நான்கரை மாதத்தில் இருக்க வேண்டியவை அவனிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலை நின்றுவிட்டதா? உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா? இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, விரல்களைப் பார்த்து விளையாடுகிறானா? உள்ளங்கையை மெதுவாக விரித்துப் பாருங்கள்: கட்டைவிரல் எந்நேரமும் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் இறுகியிருந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. துணி மாற்றும்போது தொடைகள் இலகுவாக விரியாமல் கத்தரிபோலக் குறுக்கிட்டு விறைத்து நின்றாலும், தூக்கும்போது உடம்பை வில்லாகப் பின்னுக்கு வளைத்தாலும், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொற்றுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கருவில் ஏறத்தாழ 24 முதல் 32 வாரம் வரையிலான காலத்தில், மூளையின் நரம்பு இழைகளுக்கு உறை போடப்போகும் செல்கள் இன்னும் முதிராமல் இருக்கும். மூளையின் வெள்ளைப் பகுதி என்று சொல்லப்படுவது இந்த இழைகளால் ஆனதே. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமி கலக்கும்போது, அதை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சியே இந்த முதிராத செல்களைத் தாக்குகிறது. ரத்த அழுத்தம் குறைவதும் மூச்சு நின்றுபோவதும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு கூடும். கிருமி மூளைக்குள் நுழையாமலேயே மூளையின் வளர்ச்சி தடைபடக்கூடும் என்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் 1993 முதல் 2001 வரை ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்து பிழைத்த 6,093 குழந்தைகளைத் திருத்திய வயதில் 18 முதல் 22 மாதம் வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் இருந்த காலத்தில் ஒருமுறையாவது தொற்று வந்திருந்தது. தொற்று வந்த குழந்தைகளிடம் மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி, அதிகமாகக் காணப்பட்டது. வளர்ச்சிச் சோதனை மதிப்பெண் குறைவாகவும், பார்வைக் குறைபாடு கூடுதலாகவும், தலையின் வளர்ச்சி மந்தமாகவும் இருந்தன. பிரான்சில் 1997இல், 33 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளை ஐந்து வயது வரை கவனித்த ஆய்விலும், பிறந்த உடனேயும் பிறகும் என இரண்டு முறை தொற்று வந்தவர்களுக்கு மூளை முடக்குவாத வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதே ஆய்வின் மற்றொரு பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொற்று வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூளை முடக்குவாதம் இருந்தது 9 சதவீதம் பேருக்குத்தான். தொற்றுக்கும் அறிவுத்திறன் குறைவுக்கும் இடையே தனித்த தொடர்பு எதுவும் அந்த ஆய்வில் தென்படவில்லை. ஆகவே, இந்தத் தொற்று வந்ததால் உங்கள் மகனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவன் எதிர்காலம் இன்னதுதான் என்று அதை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் தலைச்சுற்றளவை நாடாவால் அளந்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எடை பார்க்க எல்லோரும் அக்கறை காட்டுகிறோம். தலையை அளக்க மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். ஒரு நிமிடத்தில் முடியும் அந்த அளவு, மூளை வளர்வதைப் பற்றி நமக்குத் தெரிவிக்கும் செய்தி மிகப் பெரியது.

எங்கள் பெண் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று வந்தபோது மூளைக்காய்ச்சலும் இருந்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது. தலை ஸ்கேன் நார்மல் என்றும் இருக்கிறது. அப்படியானால் பயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு தந்தை, தூத்துக்குடி)

ஓரளவு ஆறுதல் அடையலாம். அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தாலும், நீர் கோத்திருந்தாலும், பெரிய நீர்க்கட்டிகள் இருந்தாலும் காட்டிவிடும். வெள்ளைப் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பரவிய பாதிப்பை அது தவறவிடக்கூடும். அதை ஓரளவு தெளிவாகக் காட்டுவது, 40 வாரக் கணக்கு முடியும் சமயத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எந்தப் படமாக இருந்தாலும், குழந்தை கையையும் காலையும் எப்படி அசைக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஈடாகாது.

மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்குச் செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. கிருமி செவி நரம்பைப் பாதிக்கலாம். உயிரைக் காப்பாற்றக் கொடுத்த அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் சில குழந்தைகளின் செவித்திறனைக் குறைக்கலாம். பல இடங்களில் காதுக்குள் சிறு கருவியை வைத்துச் செய்யும் ஓ.ஏ.ஈ. சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். அது உட்காது வேலை செய்கிறதா என்று மட்டுமே பார்க்கும். நரம்பு வழியாகச் சத்தம் மூளைக்குப் போகிறதா என்பதைப் பார்க்க பெரா சோதனை வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைக்கு பெரா செய்தே ஆக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செவித்திறன் குறைவு ஆறு மாதத்துக்குள் தெரிந்து கருவி பொருத்தப்பட்டால், பேச்சு வருவதில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

கண்ணையும் காட்டிவிட்டீர்களா? குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் ஆர்.ஓ.பி. என்ற பாதிப்பு, தொற்று வந்த குழந்தைகளிடம் கூடுதலாக வருகிறது. நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் இரண்டு கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், பிறந்து நான்கு வாரத்துக்குள் முதல் கண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. அதன் பிறகும் கண் மருத்துவர் 'இனி வேண்டாம்' என்று சொல்லும் வரை போக வேண்டும்.

வேறு பெற்றோர் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பிள்ளை முடமாகிவிடும் என்று பயந்து பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது. ரத்தத்தில் கிருமி தென்படாத குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் இருக்கலாம். கிளெப்சியெல்லா போன்ற கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தால் குறைந்தது 21 நாட்கள் மருந்து கொடுக்க வேண்டும். அந்த நீரைச் சோதிக்காமல் இதை முடிவு செய்ய வழியில்லை.

என் மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேத்திக்கு ஐந்தாம் நாள் தொற்று வந்தது. சொந்தக்காரர்கள் வந்து, தாய் சுத்தமாக இல்லாததால்தான் என்கிறார்கள். அவள் சாப்பிடுவதே இல்லை. இதற்கு அவள் காரணமா? (ஒரு பாட்டி, காரைக்குடி)

இல்லை. இந்தக் கேள்வியை நீங்கள் மருமகளுக்காகக் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி தருகிறது.

நோய் எதிர்ப்புப் பொருட்களில் பெரும்பகுதி தாயிடமிருந்து குழந்தைக்குப் போய்ச்சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அது முழுமையாகக் கிடைப்பதில்லை. தோல் மெல்லியது, ரத்தக்குழாயில் ஊசி, மூக்கில் குழாய், சில நேரம் மூச்சுக்கருவி என்று கிருமி நுழையப் பல வழிகள். பிறந்து மூன்று நாட்களுக்குப் பிறகு வரும் தொற்று பெரும்பாலும் மருத்துவமனைச் சூழலிலிருந்து வருவது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நாட்களுக்குள் வந்த தொற்றுக்கும் பிறகு வந்த தொற்றுக்கும் ஒரே வகைக் கிருமிகளே காரணமாக இருந்தன. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் அவற்றில் முன்னணியில் இருந்தன. பிரசவ அறையின் தூய்மை, செவிலியர்களின் எண்ணிக்கை, கை கழுவும் வசதி ஆகியவற்றைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், பெற்றவளைக் குற்றம் சொல்வது அநியாயம்.

மருமகள் சாப்பிடாமல் இருப்பதையும், தூங்காமல் அழுவதையும் 'பிரசவக் களைப்பு' என்று விட்டுவிடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை வைத்துப் பார்த்த தாய்மார்களிடம் மனச்சோர்வு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாயின் மனம் தேறினால்தான் குழந்தையிடம் பேச்சுக் கொடுப்பதும் கொஞ்சுவதும் நடக்கும்; மூளை வளர்ச்சிக்கு அதைவிடச் சிறந்த மருந்து எங்களிடம் இல்லை. பேத்தியைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையை வீட்டிலும் தொடரச் சொல்லுங்கள். மருமகள் சோர்ந்திருக்கும்போது நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் தேய்ப்பது, வசம்பு கொடுப்பது, உரம் எடுப்பது எல்லாம் செய்யலாமா? (ஒரு வாசகி, விருதுநகர்)

எடை நன்றாக ஏறத் தொடங்கிய பிறகு, மென்மையாக எண்ணெய் தேய்த்துவிடுவது நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயில் வசம்போ தேனோ கழுதைப்பாலோ வைப்பது, தலைகீழாகப் பிடித்து உரம் எடுப்பது ஆகிய எதுவும் கூடாது. தொற்றிலிருந்து மீண்ட குழந்தைக்கு மறுபடி தொற்று வர இவையே போதும்.

என் மகளுக்குப் பதினான்கு மாதம். திருத்திய வயதில் பன்னிரண்டு. எதைக் கொடுத்தாலும் வலது கையால்தான் வாங்குகிறாள். ஆறேழு மாதத்திலிருந்தே அப்படித்தான். தவழும்போது இடது காலை இழுக்கிறாள். ஒருவர் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்கிறார். காத்திருக்கலாமா? (ஒரு தாய், திருப்பூர்)

காத்திருக்க வேண்டாம். இந்த இதழில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்பும் பதில் இதுதான்.

ஒரு வயதுக்குள் குழந்தைகள் இரண்டு கைகளையும் ஏறத்தாழச் சமமாகவே பயன்படுத்துவார்கள். அதற்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டினால், அதை வலதுகைப் பழக்கம் என்று எண்ணி மகிழாமல், மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இடது காலையும் இழுப்பதாக எழுதியிருப்பதால், உடலின் இடப்பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதமாக இருக்குமோ என்று உடனே பரிசோதிக்க வேண்டும். குறைமாதம் என்பதால் தாமதம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவது தவறு. திருத்திய வயதைக் கணக்கிட்ட பிறகும் பின்தங்கியிருந்தால் அது தாமதமே. ஒரு பக்கம் மட்டும் வேறுபட்டிருந்தால் எந்த வயதுக் கணக்கும் அதை விளக்காது. மூளை முடக்குவாதத்தை இரண்டு வயதில்தான் உறுதி செய்ய முடியும் என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ., குழந்தையின் இயல்பான அசைவுகளை மதிப்பிடும் முறை, ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டு ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறியலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2017இல் வழிகாட்டியது.

மூளை வேகமாகத் தன்னைச் செதுக்கிக்கொள்ளும் காலம் இது. பயன்படுத்தாத கையின் நரம்புப் பாதைகள் மேலும் பலவீனமாகும். இயன்முறை மருத்துவரும் தொழில்முறைச் சிகிச்சையாளரும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சேர்ந்து, நல்ல கையைத் தினமும் சிறிது நேரம் கட்டுப்படுத்தி, மற்ற கையால் விளையாட வைக்கும் பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். ஒரு கையால் பிடித்து மறு கையால் திறக்க வேண்டிய டப்பா, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய பந்து, உருண்டை பிடிக்கும் மாவு என்று வீட்டுப் பொருட்களே போதும். வாக்கரில் போட்டு நடக்க வைக்காதீர்கள். விரல் நுனியில் ஊன்றும் பழக்கம் கூடுமே தவிர நடை வராது.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. குழந்தை நல மருத்துவர், இயன்முறை, பேச்சு, செவித்திறன், உளவியல் எல்லாம் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு இந்த வாரமே போங்கள். மூளை முடக்குவாதம் என்று உறுதியானால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு உதவி உண்டு.

மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. 27 வாரத்தில் பிறந்து இருமுறை தொற்று வந்து பிழைத்தவன். ஒன்றரை வயதில் நடந்தான், பேச்சும் வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். இப்போது கணக்கு வரவில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுத நேரமாகிறது. வகுப்பில் சோம்பேறி என்கிறார்கள். பிறந்தபோது வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? (ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

இருக்கலாம். தொற்றினால் இத்தனை பங்கு, குறைமாதப் பிறப்பினால் இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது ஒரு தனிக் குழந்தையின் விஷயத்தில் இயலாது. அதைத் தேடி நேரம் செலவிடவும் வேண்டாம். மிகவும் முன்கூட்டியே பிறந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, நடப்பதும் பேசுவதும் இயல்பாக வந்த பிறகும், பள்ளிப் பருவத்தில் சில நுட்பமான சிரமங்கள் வெளிப்படுகின்றன. கேட்டதை மனதில் நிறுத்திக்கொண்டே அடுத்த படிக்குப் போகும் திறன் குறைவாக இருக்கும். 47உடன் 38ஐக் கூட்டும்போது கையிருப்பு ஒன்றை மறந்துவிடுவது அதனால்தான். கண்ணால் பார்த்ததைக் கையால் எழுதும் ஒருங்கிணைப்பு மெதுவாக இருக்கும். துறுதுறுவென்று ஓடாமல், அமைதியாக உட்கார்ந்தபடியே கவனம் நழுவிப்போகும்; வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராததால் இந்தக் குழந்தைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பிறகு அவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுகிறது. அவன் செய்யும் முயற்சி மற்றவர்களைவிட அதிகம் என்பதுதான் உண்மை.

அவன் நடக்கத் தொடங்கியதும் மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்திவிட்டது உங்கள் தவறில்லை. தொடர்ந்து வாருங்கள் என்று சொல்ல வேண்டியது நாங்கள்தான். இப்போது கண்ணையும் காதையும் மீண்டும் சோதியுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் அதிகம், கரும்பலகைச் சிக்கலில் பாதி கண்ணாடியிலேயே தீர்ந்துவிடக்கூடும். அடுத்து மருத்துவ உளவியலாளரிடம் அறிவுத்திறன், நினைவாற்றல், கற்றல் திறன் ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பீடு செய்யுங்கள். அந்த அறிக்கையோடு ஆசிரியரைச் சந்தித்து, முன்வரிசையில் உட்கார வைப்பது, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்வது, எழுதுவதைக் குறைத்து வாய்மொழியாகக் கேட்பது போன்றவற்றைக் கேளுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் உதவி போன்றவற்றைக் கோரலாம். டியூஷனை இரட்டிப்பாக்குவது மட்டும் வேண்டாம். மாலையில் அவன் விளையாடட்டும், தூங்கட்டும்.

தடுப்பூசிக்கும் திருத்திய வயதுதானா? மூளை வளர்ச்சிக்கு டானிக் ஏதாவது கொடுக்கலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, தள்ளிப்போட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும் போடுங்கள். மூளை டானிக் என்று விற்கப்படுபவற்றால் பயன் இல்லை. தொற்று வந்த சமயத்திலேயே கொடுத்துப் பார்த்த விலையுயர்ந்த இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) ஊசிகூட, 3,493 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் இறப்பையோ பெரிய ஊனத்தையோ குறைக்கவில்லை. மருத்துவர் சொன்ன அளவில் இரும்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றோடு தாய்ப்பாலும் இருந்தால் போதும். அந்தப் பணத்துக்குப் படப்புத்தகம் வாங்கி மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள். இரண்டு வயது வரை கைப்பேசி காட்டாதீர்கள்.

முதல் குழந்தை 30 வாரத்தில் பிறந்து தொற்றோடு போராடினான். இப்போது மறுபடி கருவுற்றிருக்கிறேன். இம்முறை என்ன செய்வது? (ஒரு வாசகி, வேலூர்)

முதல் பிரசவம் முன்கூட்டியே நடந்ததை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். 16 முதல் 24 வாரத்துக்குள் கருப்பைவாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, குறைந்திருந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்தோ தையலோ தேவையா என்று முடிவு செய்வார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு, எரிச்சல் இல்லாவிட்டாலும், சோதனை செய்யுங்கள். நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தாலோ விடியும் வரை பொறுக்க வேண்டாம். இம்முறையும் முன்கூட்டியே பிறக்கும் என்று தெரிந்தால், பிரசவத்துக்கு முன்பே உங்களுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும். மக்னீசியம் சல்ஃபேட் மூளை முடக்குவாத வாய்ப்பைக் குறைக்கும். இவை இரண்டும் கிடைக்க, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்ச்சேர வேண்டும்; பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் மாற்றுவது அதற்கு ஈடாகாது. வேலூரில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது, இரவில் எப்படிப் போவது, யார் உடன் வருவார் என்பதை ஐந்தாம் மாதத்துக்குள் வீட்டில் பேசி முடிவு செய்து, முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பைக்குள் எடுத்து வையுங்கள்.